நிரந்தரமாகக் குடியிருப்பவர்

படுதாக்காரம்மாவின் பெயர் அந்த வழக்கில் ஏறியதற்கு முதல் காரணம் அவருடைய மேசைதான். படகு மூடும் படுதா, கடை முகப்பில் வெயிலுக்குக் கட்டும் துணி, லாரித் தார்ப்பாய் என்று அகலத் துணிகளாகவே வெட்டித் தைக்கிற தொழில் அவருக்கு. அதற்கான வெட்டுமேசை வீட்டின் முன்னறையை முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்தது. உள்ளே வருகிறவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும்.

கழிமுகத்துச் சதுப்பை மேடாக்கி, தங்கும் விடுதியும் உல்லாசப் படகுத்துறையும் கட்ட ஒரு கம்பெனிக்கு அனுமதி கிடைத்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஊருக்குள் இருந்த சிலர் அதை எதிர்க்கக் கிளம்பினார்கள். அனுமதிக் கோப்போடு வந்த வரைபடங்களை விரித்துப் பார்க்க அவர்களில் எவர் வீட்டிலும் இடம் போதவில்லை. ஒருவர் வீட்டில் தரையில் விரித்தபோது பூனை வந்து சதுப்பின் மேலேயே படுத்துக்கொண்டதாம். கடைசியில் படுதாக்காரம்மாவின் மேசை ஞாபகத்துக்கு வந்து, "ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை" என்று கேட்டு வந்தார்கள். அவரும் மேசையில் கிடந்த துணியைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டு, டீ போட்டுக் கொடுத்தார்.

வந்தவர்களில் ஒரு பெண் வக்கீல் இருந்தார். சின்ன வயது, ஆனால் ஒரு வாக்கியத்தைப் படித்தால் அதன் கடைசிப் புள்ளிவரை படிக்கிறவர். அவர்தான் சட்டத்தில் இருந்த அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். திட்ட இடத்தை ஒட்டி நிரந்தரமாகக் குடியிருப்பவர் மட்டுமே அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம்.

ஆளாளுக்கு அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். வந்தவர்களில் ஒருவரான டாக்டரின் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். பறவைக்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் பூகோள வாத்தியாரின் வீடு சந்தைக்குப் பின்னால். அத்தனை பேரும் தொலைநோக்கியும் புள்ளிவிவரமும் வைத்திருந்தார்கள். சட்டம் கேட்ட முகவரி மட்டும் ஒருவரிடமும் இல்லை. எல்லார் கண்களும் மெல்ல, ஜன்னலோரம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர் பக்கம் திரும்பின.

"என்ன, டீ பத்தலையா?" என்று கேட்டார் படுதாக்காரம்மா.

அப்படித்தான் அவர் மேல்முறையீட்டாளர் ஆனார். சதுப்பைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இருந்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே அது இருந்தது. தண்ணீர் ஏறும்போது வெள்ளியாகவும் இறங்கும்போது சேறாகவும் தெரிந்தது. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் நாறியது. கையெழுத்துப் போட்டதற்குக் காரணம் கேட்டவர்களிடம், "கேட்டாங்க, போட்டேன்" என்றுதான் சொன்னார். இன்னும் திருத்தமாகச் சொன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருந்த அளவு மனிதர்கள், கணவர் இறந்துபோன நாளுக்குப் பிறகு அங்கே கூடியதில்லை.

சதுப்போரம் அவர் வீடு இருந்த வரிசையில் முன்பு வீடு நிறைய ஜனம் இருந்தது. கம்பெனிக்காரர்கள் நல்ல விலை கொடுத்து ஒவ்வொரு வீடாக வாங்கிக்கொண்டே வந்தார்கள். விற்றவர்களை அவர் குறை சொன்னதில்லை. ஒரு குடும்பம் போகும்போது சாமான் கட்டுவதற்குத் தார்ப்பாய் கொடுப்பார். அடுத்த குடும்பம் போகும்போதும் கொடுப்பார். இப்படியே கொடுத்துக் கொடுத்து, வரிசையின் கடைசி வீடாக இருந்த அவர் வீடு ஒரே வீடாக ஆனது. காலியான வீடுகளை இடித்துத் தகர வேலி போட்டார்கள். வேலிக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் கம்பெனிச் சட்டை போட்ட ஒரு காவலாளி.

பக்கத்தில் பேச்சுத் துணைக்கு இருந்த ஒரே மனிதர் அந்தக் காவலாளிதான். ஏறக்குறைய அவர் வயதுக்காரர். காலையும் மாலையும் வேலிச் சந்து வழியாக டீ தம்ளர் போகும், காலித் தம்ளர் திரும்பி வரும்.

"தங்கச்சி, சட்டப்படி பாத்தா நான் உங்க எதிரி. இன்னிக்கு டீல சக்கரை கொறஞ்சிருக்கு. கேஸுக்காகவா?"

"எதிரிக்கு சக்கரை வியாதி வந்து, அந்தப் பழியும் என் தலையில விழணுமா அண்ணே? குடிங்க."

படுதாக்காரம்மா வீட்டுக் குழாய் ஒழுகினால் காவலாளி வந்து மாற்றிக் கொடுப்பார். மழைக்கு அவருடைய தகரக் கொட்டகையில் கட்ட ஒரு துண்டுப் படுதா இங்கிருந்து போகும். வழக்கைப் பற்றி மட்டும் இருவரும் வேடிக்கையைத் தாண்டிப் பேசிக்கொள்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நாளாக ஆகக் கரைந்தது. மனு போட்டாயிற்று, இனி விசாரணை வரும்வரை செய்ய ஒன்றுமில்லை என்று வக்கீல் சொன்னார். டாக்டருக்கு வேலை வந்தது. இன்னொருவருக்கு மாற்றல் வந்தது. கடைசியில் பறவைக்காரர் மட்டும் சைக்கிளில் வந்து ஜன்னலருகே நின்று தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, "அக்கா, இன்னிக்கு உள்ளான் கூட்டமா எறங்கியிருக்கு" என்பார். "சந்தோஷம்" என்பார் படுதாக்காரம்மா. பிறகு அவர் சைக்கிளை எடுப்பார், இவர் ஊசியை எடுப்பார்.

மகளுக்குப் பிரசவ நேரம் நெருங்கியது. மகள் இருந்தது ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊரில். படுதாக்காரம்மா கிளம்பும்போது சாவியைப் பறவைக்காரரிடம் கொடுத்தார்.

"உப்புக் காத்து சார். ஜன்னல் பூட்டியே கெடந்தா மெஷின் துருப் பிடிச்சுக்கும். அப்பப்ப தெறந்து வச்சு ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

வேற ஒன்றும் வேண்டாம் என்று அவர் அழுத்தித்தான் சொன்னார்.

மகள் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. சின்ன வீடு. ஒரு மூலையில் தும்மினால் எல்லா மூலையிலிருந்தும் யாராவது கேட்பார்கள். எந்நேரமும் "அம்மா, துண்டு எங்க?", "அத்தை, பால் பொங்குது" என்று அழைப்பு. குழந்தை அவர் மேல் தூங்கும்போது அதன் குதிகால் அவர் விலா எலும்பில் அழுந்தும். ஒரு மாதம் இருக்கலாம் என்று வந்தவர் மேலும் தங்கினார். மகள் ஓர் அறையை ஒழித்து, "இது உனக்கு" என்றாள். ஜன்னல் பக்கம் தையல் மெஷின் நிற்கும் இடத்தைக்கூட அவளே தீர்மானித்துவிட்டாள்.

"அங்க யாரும்மா இருக்கா உனக்கு? பேய் கூட ஆள் இல்லாத எடத்துல இருக்காது. வந்துரு."

"கையில இருக்கற ஆர்டர முடிச்சுட்டு வந்துடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமாத்தான்டி."

அந்த ஜன்னலுக்கு அளவெடுத்துத் திரையும் தைத்து மாட்டிவிட்டுத்தான் அவர் ரயில் ஏறினார்.

திரும்பி வந்தவருக்கு, இதை எப்படிச் சொல்வது என்பதே பெரிய பாரமாக இருந்தது. அடுத்த ஞாயிறு பறவைக்காரரோடு வக்கீலும் வந்தார். விசாரணைத் தேதி வந்துவிட்டதாம். படுதாக்காரம்மா டீயோடு வாயைத் திறக்க, வக்கீல் முந்திக்கொண்டார்.

"எதிர்த்தரப்புல புதுசா ஒரு ஆட்சேபம் போட்டிருக்காங்கம்மா. நீங்க இங்க குடியிருக்கலையாம். அதனால மனுவே செல்லாதாம்."

"மக பிரசவத்துக்குத்தானே போனேன்?"

"அத அப்படியே சொல்லுங்க, போதும். பிரசவத்துக்குப் போறது குத்தமா? திரும்பி வந்துட்டீங்க. வீடு இருக்கு, நீங்க இருக்கீங்க. நீங்க இல்லேன்னாதான் இந்தக் கேஸே இல்ல."

படுதாக்காரம்மா தம்ளரை மேசையில் வைத்தார். மகள் வீட்டோடு போய்விடப் போகிற பேச்சை அன்றைக்கு எடுக்கவில்லை. பறவைக்காரர் இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு தொலைநோக்கியில் வெகுநேரம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ அபூர்வப் பறவை போலிருக்கிறது என்று படுதாக்காரம்மா நினைத்துக்கொண்டார்.

தீர்ப்பாயம் ஓர் அலுவலகக் கட்டிடத்தின் மாடியில் இருந்தது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டி ஒரு வாளியில் விழுந்துகொண்டிருந்தது. தலைவர் நரைத்த தலையும் தூக்கம் போதாத கண்ணுமாக உட்கார்ந்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதை தெரிந்த மனிதர். ஒரு கட்டுப் புகைப்படங்களைக் கொண்டுவந்து, அம்மா பார்ப்பதற்கு வசதியாகத் திருப்பி வைத்தார்.

எல்லாப் படத்திலும் படுதாக்காரம்மா வீட்டுக் கொல்லைப்புறம். கொடியில் துணி காய்ந்தது. ஒரு படத்தில் வெயில், ஒரு படத்தில் மூட்டம், ஒரு படத்தில் கொட்டுகிற மழை. எல்லாவற்றிலும் அதே பூப்போட்ட படுக்கை விரிப்பு, அதன் பக்கத்தில் அதே பழுப்பு நிறக் கால்சட்டை.

"இந்தக் கொடி உங்களோடதுதானேம்மா?"

"கொடி என்னோடதுதான்."

"இந்தக் கால்சட்டை?"

படுதாக்காரம்மா படத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். துணி விஷயத்தில் அவர் அவசரப்படுகிறவர் அல்ல.

"என் வீட்டுக்காரர் போய்ச் சேந்து ரொம்ப வருஷமாச்சு. இருந்தப்பவும் அவர் இவ்வளவு குட்டை இல்ல."

அறையில் சிரிப்பு பரவியது. பின்வரிசையில் மட்டும் ஒருவர் எழுந்து நின்றார்.

"அது என்னோடது" என்றார் பறவைக்காரர்.

தலைவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்க யாரு?"

"பூகோள வாத்தியார்."

"உங்க கால்சட்டை எதுக்கு அங்க காயுது?"

"காயலைங்க. மழை பெஞ்சுது."

இந்தத் தடவை எதிர்த்தரப்பு வக்கீலே சிரித்துவிட்டார். ஆனால் விஷயம் சிரிப்பில் முடியவில்லை. அந்த அம்மா ஊரில் இல்லாதது தெரிந்தால் வழக்கு போய்விடுமோ என்று பயந்து, அவர் இருப்பது போலக் காட்டுவதற்காக மாலையில் விளக்குப் போட்டதும், தன் வீட்டிலிருந்து துணி கொண்டுவந்து கொடியில் போட்டதும் தான்தான் என்று பறவைக்காரர் திக்கித் திணறிச் சொல்லி முடித்தார். கொக்கும் குருவியும் எங்கே எப்போது இரை தேடும் என்று தெரிந்தவருக்கு, காய்ந்த துணியை எடுக்க வேண்டும் என்பது தோன்றவில்லை. வக்கீல் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படுதாக்காரம்மா இன்னும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தின் ஓரத்தில், மங்கலாக, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடி தெரிந்தது.

"போயிருக்கேன்னு சொல்லியிருந்தா யாரும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்க" என்றார் தலைவர், சலிப்போடு. "இருக்கேன்னு நாடகம் போட்டா, இல்லையோன்னுதான் தோணும். அம்மா, உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாதுங்க."

"நம்பறேன். இப்ப நான் கேக்கறதுக்கு நேரா பதில் சொல்லுங்க. உங்க மக வீட்ல உங்களுக்கு எடம் இருக்கா?"

"இருக்கு. ஒரு ரூமே ஒதுக்கியிருக்கா."

"அங்க போய்த் தங்கற எண்ணம் உண்டா?"

வாளியில் தண்ணீர் சொட்டும் ஓசை பெரிதாகக் கேட்டது. பொய் சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மகள் இங்கே இல்லை. உண்மையைச் சொன்னால் வழக்கு இந்த அறையிலேயே முடிந்துவிடும். மூட்டையைக் கட்டிக்கொண்டு குழந்தையிடம் போய்விடலாம். அதுவும் அவர் குற்றமாகாது. கால்சட்டை தொங்கவிட்டவர் குற்றமாகத்தான் எல்லோரும் பேசுவார்கள்.

"உண்டுங்க" என்றார் அவர். "வர்றேன்னு மககிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

வக்கீல் பெண் தலையை நிமிர்த்தினார். பறவைக்காரர் உட்காரவே மறந்து நின்றார்.

"ஆனா..." என்று படுதாக்காரம்மா நிறுத்தினார். இதுவரை தனக்கே சொல்லிக்கொள்ளாததை அத்தனை பேர் நடுவில் முதல்முறையாகச் சொல்வது அவருக்குச் சுலபமாக இல்லை. "நான் போனா அங்க மண்ணு கொட்டிடுவாங்கல்ல? நான் ரயில் ஏறினதாலதான் கொட்டினாங்கன்னு ஆயிடும். அது எனக்கு வேணாங்க. கேஸ் முடியற வரைக்கும் அங்கேயே இருக்கேன்."

"எவ்வளவு நாள் ஆகும்னு தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்றார் தலைவர்.

அவர் சொல்லச் சொல்ல, எழுத்தர் தட்டச்சு செய்தார். மேல்முறையீட்டாளர் வழக்கு முடியும்வரை அந்த வீட்டிலேயே தொடர்ந்து வசிப்பதாகத் தீர்ப்பாயத்தின் முன் உறுதி கூறியதால் ஆட்சேபம் தள்ளுபடி செய்யப்படுகிறது. வெளியூர் சென்று தங்க நேர்ந்தால் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். இறுதித் தீர்ப்புவரை சதுப்பில் எந்த வேலையும் நடக்கக் கூடாது.

மாடிப்படியில் இறங்கும்போது ஆளாளுக்குக் கை குலுக்கினார்கள். எங்கிருந்தோ டாக்டரும் வந்துவிட்டிருந்தார். பறவைக்காரர் மட்டும் பக்கத்தில் வரத் தயங்கிப் பின்னாலேயே வந்தார்.

"என்ன மன்னிச்சுடுங்க அக்கா."

"அந்தக் கால்சட்டைய வீட்ல தேடலையா சார்?"

"என் வீட்டுக்காரி தேடுனா. பழசுன்னு பாத்திரக்காரன்கிட்ட போட்டுட்டேன்னு சொல்லி வச்சிருந்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மக வீட்டுக்குப் போறதா இருந்தீங்களா? எங்ககிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசித்துப் பார்த்தார். போங்க அக்கா என்று சொல்லியிருப்பேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. வாசலில் எல்லோரும் அவரவர் வண்டியில் ஏறிப் போனார்கள். படுதாக்காரம்மா பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

மகளோடு போனில் பேசியது மறுநாள். செய்தியைக் கேட்டு அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் இவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அந்தச் சேறு உனக்கு என்னம்மா பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல."

"நாங்க?"

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது. முன்பு கேட்ட அழுகையைவிடக் குரல் கெட்டிப்பட்டிருந்தது.

"நீங்க அங்கேயேதான்டி இருப்பீங்க" என்றார் கடைசியில். "அது அப்படி இல்ல. ஒரு தடவ போச்சுன்னா போச்சு."

"கொழந்தையும் இப்படியே இருக்காதும்மா" என்றாள் மகள். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். "சாப்பிட்டேன்" என்றார். இருவருக்கும் அது பொய் என்று தெரியும்.

அந்த வாரக் கடைசியில் வேலிக்கு அந்தப் பக்கம் லாரி வந்து சிமென்டுத் தளவாடங்களை ஏற்றிக்கொண்டு போனது. மாலையில் காவலாளி பையும் கையுமாக வாசலில் வந்து நின்றார். கம்பெனிச் சட்டை போடாமல் பார்த்தபோது அவர் வேறு யாரோ போல இருந்தார்.

"வேலை நின்னு போச்சுல்ல தங்கச்சி. காவலுக்கு ஆள் வேணாமாம். வேற சைட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க."

"எங்க?"

"தூரம்." அவர் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அந்தப் போட்டோ எல்லாம்..."

"தெரியும் அண்ணே. ஒரு படத்துல உங்க நாற்காலி விழுந்திருக்கு."

"எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். உங்கள எதுத்து இல்ல."

"நானும் கேட்டாங்கன்னுதான் கையெழுத்துப் போட்டேன். உள்ள வாங்க. டீ குடிச்சுட்டுப் போகலாம்."

"பஸ் போயிடும்" என்றார் அவர். ஆனாலும் நின்றுகொண்டே குடித்தார். சர்க்கரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

வழக்கு அடுத்த தேதிக்குத் தள்ளிப்போனது, பிறகு அதற்கடுத்த தேதிக்கு. பள்ளியில் பரீட்சை, பறவைக்காரர் ஒரு ஞாயிறு வரவில்லை. அன்று படுதாக்காரம்மா ஒரு பெரிய மீன்பிடிப் படகுக்கான படுதாவைத் தைத்து முடித்திருந்தார். அந்த நீளத் துணியை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க, மற்றவர் மறுமுனையைப் பிடித்து நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். சதுப்பில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவர் வாசலில் நின்று, இடிந்த வரிசையை ஒரு முறை பார்த்தார். பிறகு உள்ளே வந்து, துணியின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் இறுக்கி முடிந்துவிட்டு, மறுமுனையை எடுத்துக்கொண்டு மேசையோரச் சந்து வழியே அறையின் அடுத்த கோடிவரை பின்பக்கமாகவே நடந்துபோய், விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஜன்னலை நோக்கி நடந்தார்.